1855: ஒரே ஆண்டில் இரண்டு தரப்பட்டியல்கள்



திருப்பலிக்குப் பயன்படும் திராட்சை இரசத்தைப் பற்றித் திருஅவைச் சட்டம் கேட்பது மிகக் குறைவு. அது திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாக எடுத்ததாக இருக்கவேண்டும், கெட்டுப்போயிருக்கக் கூடாது. எந்தத் தோட்டத்து இரசம், எந்த ஆண்டில் பிழிந்தது, புட்டி என்ன விலை என்பதையெல்லாம் அது கேட்பதில்லை. ஆனால் இந்தக் கேள்விகளையே பிழைப்பாகக் கொண்ட ஊர்கள் பிரான்சு நாட்டில் இருக்கின்றன. அங்கே 1855-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு தரப்பட்டியல் இன்றுவரை செல்லுபடியாகிறது. அதே 1855-ஆம் ஆண்டில் சென்னையிலும் தரம் பிரிக்கும் வேலை ஒன்றுக்கு முடிவெடுத்தார்கள். அது நம் வயல்களைத் தரம் பிரிக்கும் வேலை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தத் தரமும் இன்றுவரை நம் வட்டாட்சியர் அலுவலகங்களில் உயிரோடு இருக்கிறது. இந்த இரண்டு பட்டியல்களையும் இன்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் பிரான்சுக்குப் போவோம். மூன்றாம் நெப்போலியன் 1855-இல் பாரிசில் ஓர் உலகக் கண்காட்சி நடத்தினார். நாட்டின் சிறந்த பொருள்களெல்லாம் அங்கே வந்தன. தென்மேற்கே இருக்கும் போர்தோ என்னும் துறைமுக நகரம் தன் திராட்சை இரசத்தை அனுப்பிவைத்தது. அனுப்பும்போது எது உயர்ந்தது, எது அடுத்தது என்று சொல்ல ஒரு பட்டியல் வேண்டும். நகரத்து வணிகர் சபை அந்தப் பொறுப்பைத் தரகர்களின் சங்கத்திடம் கொடுத்தது. ஏப்ரல் 5-ஆம் தேதி கடிதம் போயிற்று. ஏப்ரல் 18-ஆம் தேதி பட்டியல் வந்துவிட்டது. இரண்டே வாரம்!

இரண்டு வாரத்தில் எப்படி முடிந்தது? அவர்கள் யாரையும் உட்காரவைத்துச் சுவைபார்க்கச் சொல்லவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் போய் மண்ணைக் கிளறிப் பார்க்கவும் இல்லை. தங்கள் கணக்குப் புத்தகங்களைத் திறந்தார்கள். எந்தத் தோட்டத்து இரசம் பல பத்தாண்டுகளாக என்ன விலைக்கு விற்றது என்பது அவர்களுக்கு அத்துப்படி. அதிக விலைக்குப் போனது முதல் தரம், அதற்கடுத்தது இரண்டாம் தரம், இப்படியே ஐந்து தரம் வரை. விலைதான் அங்கே நடுவர். இது எளிதில் மனத்தாங்கலைக் கிளப்பக்கூடிய காரியம் என்று அந்தத் தரகர்களே தங்கள் பதிலில் எழுதியிருந்தார்கள். ஊரார் வாயை அறிந்தவர்கள்.

சிவப்புத் திராட்சை இரசத்தில் முதல் தரம் நான்கு தோட்டங்களுக்குக் கிடைத்தது: லஃபித், மார்கோ, லத்தூர், ஓ-பிரியோன். முதல் மூன்றும் மெதோக் என்ற பகுதியைச் சேர்ந்தவை. ஓ-பிரியோன் மட்டும் போர்தோ நகரத்தின் ஓரத்தில் இருப்பது. அதன் பெயர் அவ்வளவு பெரியது என்பதால் அதை விடமுடியவில்லை. ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருந்த நல்ல தோட்டங்கள் எதுவும் பட்டியலில் இல்லை. அவற்றின் வியாபாரம் வேறு தரகர்கள் கையில் இருந்தது. எழுதியவர் கண்ணுக்கு எட்டியதுதான் பட்டியல்.

அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கான்தமெர்ல் என்ற தோட்டத்தின் பெயரை ஐந்தாம் தரத்தின் கடைசியில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு 118 ஆண்டுகள் எந்த மாற்றமும் இல்லை. இரண்டாம் தரத்தில் முதலாவதாக நின்ற மூத்தோன் என்ற தோட்டத்தை 1922-இல் பிலிப் த ராத்ஸ்சைல்ட் என்ற இளைஞர் பொறுப்பேற்றார். தன் தோட்டத்து இரசம் முதல் தர விலைக்கு விற்கும்போது ஏன் இரண்டாம் தரம் என்று கேட்டு, பதவியில் இருப்பவர்களின் கதவையெல்லாம் தட்டினார். கடைசியில் 1973-ஆம் ஆண்டு ஜூனில் வேளாண் அமைச்சர் கையெழுத்திட்டு மூத்தோனை முதல் தரத்துக்கு உயர்த்தினார். அந்த அமைச்சர் பின்னாளில் பிரான்சின் குடியரசுத் தலைவரான ஷாக் சிராக். ஒரே ஒரு படி ஏற அரை நூற்றாண்டு!

இதில் நாம் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. அந்தத் தரம் தோட்டத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது, மண்ணோடு ஒட்டவில்லை. தரம் பெற்ற தோட்டத்தார் பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்துக்கொண்டால், அந்த நிலத்துக் கனியும் அதே தரத்துக்குரியதாகிவிடுகிறது. விற்றுக் குறைத்தாலும் தரம் குறைவதில்லை. 1870-களையொட்டி ஃபைலாக்சரா என்ற நுண்ணிய பூச்சி பிரான்சின் திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்று தீர்த்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தப்பித்தார்கள். ஆக, 1855-இல் தரம் வாங்கித்தந்த கொடிகள் செத்துப்போயின. உரிமையாளர்கள் மாறினார்கள், எல்லைகள் மாறின. பட்டியல் மட்டும் நிற்கிறது. தோட்டங்கள் சில பிரிந்ததால் இன்று அதில் 61 பெயர்கள் இருக்கின்றன. பட்டியலில் சேராத அக்கரைப் பகுதியான சான்-எமிலியோன் 1955-இல் தனக்கென ஒரு பட்டியல் போட்டு, பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்துவது என்று வைத்துக்கொண்டது. நியாயமான ஏற்பாடுதானே? ஆனால் தரம் இறங்கியவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006-ஆம் ஆண்டுப் பட்டியல் வழக்கில் சிக்கி ரத்தாயிற்று. திருத்தாத பட்டியலுக்கு முணுமுணுப்பு, திருத்தும் பட்டியலுக்கு வழக்கு.

இனி நம் ஊருக்கு வருவோம்.

தரம் என்ற சொல் வெள்ளைக்காரர் கொண்டுவந்தது என்று நினைக்கவேண்டாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முதலாம் இராசராசன் காலத்தில் சோழ நாட்டு நிலங்களை நுட்பமாக அளந்தார்கள். அந்தக் காலத்துக் கல்வெட்டுகளிலேயே தரம் இட்ட நிலம் உண்டு, தரம் இடாத நிலத்துக்குத் தரமிலி என்ற பெயரும் உண்டு. விளைச்சலைப் பார்த்துத் தரம், தரத்தைப் பார்த்து வரி. பிறகு எத்தனையோ அரசுகள் வந்துபோயின. 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பூந்தமல்லியும் அதைச் சுற்றிய ஊர்களும் அப்படித்தான் கம்பெனியின் கணக்கில் ஏறின. சில ஆண்டுகளிலேயே தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அந்தச் சீமையின் ஊர்களை ஒவ்வொன்றாக அளக்கத் தொடங்கினார்; வேலை 1774 வரை நீண்டது.

கம்பெனி காலத்து வரி எப்படி இருந்தது என்பதைச் சொல்ல அதே 1855-ஆம் ஆண்டு வந்த ஒரு அறிக்கை போதும். சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற பேச்சு 1854-இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எழுந்தது. விசாரிக்க மூன்று பேர் கொண்ட ஆணையம் அமைத்தார்கள். ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற வழக்கறிஞர் அவர்களில் ஒருவர். மக்கள் நெடுந்தொலைவு நடந்தே சென்னைக்கு வந்து முறையிட்டார்கள். விரல்களை மரச்சட்டத்துக்குள் வைத்து நெரிக்கும் கிட்டி, உடம்பை வளைத்துக் கட்டி அசையவிடாமல் வைக்கும் அண்ணாந்தாள், முதுகில் கல் ஏற்றி வெயிலில் நிறுத்துவது எல்லாம் நடந்ததுதான் என்று ஆணையம் ஒப்புக்கொண்டது. வரி வாங்குகிறவனும் காவல்காரனும் ஒரே ஆளாக இருந்ததுதான் வேர் என்று கண்டார்கள். 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல்துறை வந்ததற்கு இந்த அறிக்கை ஒரு காரணம்.

ஆக, போர்தோவில் முதல் தரம் என்றால் பெருமை. பெயர் ஏறினால் விலை ஏறும். நம் ஊரில் முதல் தரம் என்றால் முதல் வரி. எந்தக் குடியானவனும் தன் வயல் உயர்ந்த தரத்தில் எழுதப்படவேண்டும் என்று அமைச்சர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க மாட்டான். என் மண் மட்டமான மண் ஐயா என்று மன்றாடியிருப்பான். பயிர் பொய்த்த ஆண்டில் ஒரு தரம் கூடுதலா குறைவா என்பது, மாட்டை விற்பதா வேண்டாமா என்ற கேள்வி.

பழைய வரி தாங்கமுடியாமல் நிலங்கள் தரிசாகக் கிடப்பதைச் சென்னை அரசே கண்டது. அதனால் மாகாணம் முழுவதையும் புதிதாக அளந்து புதிதாகத் தீர்வை விதிப்பது என்று 1855-இல் திட்டம் வகுத்தார்கள். மொத்த விளைச்சலில் நூற்றுக்கு 30 பங்கு எடுப்பது என்பது முதல் யோசனை. பின்னர் 1864-இல் இந்தியாவுக்கான அமைச்சர் சார்லஸ் வுட், செலவு போக நிற்கும் விளைச்சலில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தார். பாதி என்பதே குறைவு என்று தோன்றிய காலம் அது!

வேலை நடந்த முறையைப் பார்த்தால், அந்தப் பிரெஞ்சுத் தரகர்களைவிட நம் ஊருக்கு வந்த அதிகாரிகள் எவ்வளவோ பொறுமைசாலிகள் என்றுதான் சொல்லவேண்டும். முதலில் மண்ணின் வயனம். வண்டலா, கரிசலா, செம்மண்ணா, மணலா என்று பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் களி எத்தனை பங்கு என்று பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் களி இருந்தால் களிமண். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்தால் மணல். இடைப்பட்டது இருவாட்டு மண். அதற்குள்ளே நல்லதிலிருந்து மட்டம் வரை ஐந்து ரகம். நன்செய் என்றால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். வற்றாத ஆற்றுப் பாசனத்துக்கு ஒரு வகுப்பு, பல மாதம் நிற்கும் பெரிய ஏரிக்கு ஒரு வகுப்பு, மழை பெய்தால் மட்டும் நிறையும் சிற்றேரிக்கு அதற்கும் கீழே ஒரு வகுப்பு. நம் பக்கத்தை ஏரி நாடு என்றே சொல்லலாம். செம்பரம்பாக்கம் போன்ற பெரிய ஏரியின் ஆயக்கட்டும், ஒரு போகத்துக்கே திணறும் ஊர் ஏரியின் ஆயக்கட்டும் ஒரே தரமாக முடியுமா?

பிறகு சில வயல்களில் பயிரை அறுத்து, அடித்து, அளந்து பார்த்து ஏக்கருக்கு விளைச்சல் எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். பஞ்ச ஆண்டுகளை நீக்கிவிட்டு 20 ஆண்டு விலையின் சராசரியை எடுத்தார்கள். சந்தைக்குக் கொண்டுபோகும் வண்டிச் செலவு, வியாபாரியின் இலாபம், பருவம் தவறும் ஆண்டுகளின் நட்டம், உழவுச் செலவு எல்லாவற்றையும் கழித்தார்கள். மீதியில் பாதி தீர்வை. இப்படி வந்த வீதங்களை வரிசைப்படுத்தி அடுக்கியதுதான் தரம். 30 ஆண்டுக்கு இது மாறாது என்பது வாக்குறுதி. பிரான்சில் விலையிலிருந்து தரம் பிறந்தது. இங்கே மண்ணிலிருந்து தரம் பிறந்து, விலை பிற்பாடு வந்து சேர்ந்தது.

காகிதத்தில் இவ்வளவு ஒழுங்கு. ஆனால் மண்ணைப் பிசைந்து பார்த்து எண் போட்டவர்கள் மனிதர்கள். கர்ணம் சொன்ன சொல்லுக்கு எடை உண்டு, ஊர்ப் பெரியவருக்கு உள்ள பேச்சுத்திறன் ஏழைக்கு இல்லை. வறண்ட ஆண்டில் ஆள் வந்து பார்த்தால் ஒரு ரகம், மழை பெய்த மாதத்தில் பார்த்தால் இன்னொரு ரகம் என்று சந்தேகப்படவும் இடம் இருந்தது. 30 ஆண்டு கழிந்ததும் மறுதீர்வை என்ற பெயரில் வீதம் ஏறும். அந்த ஏற்றத்தை எதிர்த்துத்தான் மாகாணமெங்கும் உழவர்கள் குரல் எழுப்பினார்கள். 1937-இல் இராஜாஜி தலைமையில் காங்கிரசு அமைச்சரவை வந்தபின் மறுதீர்வைக் கொள்கை கைவிடப்பட்டது. அன்று நின்ற இடத்திலேயே தரம் நின்றுவிட்டது. போர்தோவின் பட்டியலைப் போலவே உறைந்துபோயிற்று.

எவ்வளவு உறைந்தது என்று பாருங்கள். கிராமக் கணக்கில் அ-பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. பட்டா, சிட்டா என்று அலைந்தவர்களுக்கு அது தெரியும். இப்போது இணையத்திலும் கிடைக்கிறது. புல எண், உட்பிரிவு, நன்செயா புன்செயா, பாசன ஆதாரம், இரு போகமா என்ற பத்திகளைத் தாண்டினால் 'மண் வயனமும் ரகமும்' என்று ஒரு பத்தி. அதில் இடையில் ஒரு கோடு போட்டு இரண்டு எண்கள் இருக்கும். முன்னது வயனம், பின்னது ரகம். அடுத்த பத்தி 'மண் தரம்'. அடுத்தது தீர்வை வீதம். ஹெக்டேருக்கு ஏதோ சில ரூபாய் சில காசு. ஏக்கர் போய் ஹெக்டேர் வந்தது, அணா போய்க் காசு வந்தது, செங்கல்பட்டு மாவட்டம் போய் 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் வந்தது. மிதிவண்டி ஆலையும் தொழிற்பேட்டையும் அம்பத்தூரில் எழுந்தன. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை எழுந்தது. (ஏரிக்குப் பெயர்போன ஊரில் 'டாங்க்' என்றால் இப்போது வேறு பொருள்.) அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது, ஆவடி 2019-இல் தானே மாநகராட்சியாயிற்று. அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் இருக்கின்றன. அவற்றின் கீழே நெல் விளைந்த இடத்தில் வீடுகள் விளைகின்றன. நகர நில அளவை வந்த இடங்களை விட்டுவிடுங்கள். அதற்கு வெளியே, பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் மேற்கே மனை வாங்குகிறவர் ஒவ்வொருவரும், யாரோ ஓர் அதிகாரி என்றோ ஒருநாள் கையில் பிசைந்து பார்த்த மண்ணுக்குக் கொடுத்த எண்ணையும் சேர்த்தேதான் வாங்குகிறார். சதுர அடி ஆயிரக்கணக்கில் விற்கும் மனை, பதிவேட்டில் மட்டமான ரகத்துப் புன்செயாகவே இருக்கும்.

பெயரோடு போனது போர்தோவின் தரம். மண்ணோடு நின்றது நம்முடையது. இரண்டில் நம்முடையதுதான் நேர்மையானது என்பது என் எண்ணம். ஆனால் இரண்டு பட்டியலுக்கும் ஒரு குறை பொது. போர்தோவின் பட்டியலில் தோட்டத்தின் பெயரும் ஊரின் பெயரும் உடையவரின் பெயரும் இருந்தன. கொடியை வெட்டிக் கட்டிக் கனியைப் பறித்தவர்களுக்கு அங்கே இடமில்லை. நம் பதிவேட்டிலும் பட்டாதாரர் பெயர் உண்டு. சேற்றில் இறங்கி நட்டவர் பெயர் இல்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்தக் குறை மிகவும் கூர்மையானது. இங்கே மிராசு உரிமை இருந்தது. ஊரில் யாரும் உழாத தரிசு நிலம் கிடந்தாலும், அதை வேண்டும் என்று ஒருவர் தர்காஸ்து கொடுத்தால், முதலில் மிராசுதாரரைக் கேட்கவேண்டும். அவர் எனக்கு வேண்டும் என்று சொன்னால் அவருக்குத்தான். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் உழைத்த பறையர் மக்கள் ஒரு குழி நிலத்துக்கும் உரிமையாளராக முடியாதபடி இந்த வழக்கம் அடைத்து வைத்திருந்தது. அவர்கள் குடியிருந்த குடிசையின் மனைகூடச் சொந்தமில்லாத நிலை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹியர் இதையெல்லாம் நேரில் பார்த்து 1891-இல் அரசுக்கு விரிவான அறிக்கை எழுதினார். எந்த மண் எத்தனையாம் தரம் என்று எழுதிக் குவித்த அலுவலகத்திலிருந்து, அந்த மண்ணில் வேலை செய்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒருவர் எழுதியது அரிய செயல்தான்.

அந்த அறிக்கையின் விளைவாக 1892-ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசாணை வந்தது. அரசிடம் இருந்த தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கொடுப்பது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அவர்கள் அதை விற்கக்கூடாது, அதன்பிறகும் அவர்களைச் சேர்ந்தவர்களுக்கே விற்கலாம் என்பது ஏற்பாடு. இதைத்தான் மக்கள் பஞ்சமி நிலம் என்கிறார்கள். வருவாய்த்துறையின் வழக்கில் டி.சி. நிலம். கொடுத்ததெல்லாம் தரிசு, ஆயக்கட்டின் நடுவிலிருந்து யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தத் தரிசும் பல ஊர்களில் நிபந்தனையை மீறிக் கைமாறிப்போயிற்று. எந்தப் புல எண், எவ்வளவு பரப்பு, முதலில் யார் பெயரில் இருந்தது என்று இன்று தேடுகிறவர்கள், மண்ணின் தரத்தை எழுதிவைத்த அந்தப் பழைய பதிவேடுகளின் நகலைக் கேட்டுத்தான் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுப் போடுகிறார்கள்.